மதகு வரைக்கும்

டிரில் வாத்தியார் ராக்கியண்ணன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து, ஊரே கூடி அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாள் விடிகாலையில், அவருடைய நடை மயிலாத்தாவின் காலுக்கு வந்துவிட்டது. அவள் பாட்டுக்கு எப்போதும்போல வாய்க்கால் பாலத்தில் நின்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் எட்டு எடுத்து வைத்தாள். இடது கால் கொஞ்சம் வெளியே வீசி விழுந்தது, வலது கை முன்னால் விசுக்கென்று போனது, தாடை தானாக மேலே ஏறியது, காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிவந்த அந்த நடை, சத்துணவுக்கூடத்தில் நின்று நின்றே முட்டி தேய்ந்து ஓய்வு பெற்ற மனுஷியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால்மேட்டில் விசுவிசுவென்று போக ஆரம்பித்தது.

பின்னால் வந்தவர்கள் யாரும் அலறவுமில்லை, மயங்கி விழவுமில்லை. "அட, வாத்தியார் போறாருங்கொ" என்றார் தேங்காய் மண்டி வேலப்பன். "ஆமாங், அவரேதான்" என்றாள் ஜெபமணி சிஸ்டர். அவ்வளவுதான், மறுபடியும் சர்க்கரைக்கு எந்த மாத்திரை நல்லது என்கிற பேச்சுக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எதைக் கண்டும் திகைத்து நிற்க நேரமில்லை, வெயில் ஏறுவதற்குள் மதகைத் தொட்டாக வேண்டும்.

அந்த ஊரில் அது ஒரு வழக்கம். பாலத்தில் ஆரம்பித்து, வாய்க்கால் தண்ணீர் போகிற போக்கிலேயே நடந்து, பாதி வழியில் புங்கமரத்தைத் தாண்டி, மதகுக்குப் போய், அதன் பலகையை ஏற்றி இறக்குகிற இரும்புச் சக்கரத்தை ஒரு தரம் தொட்டால்தான் நடந்த கணக்கு. தொடாமல் திரும்புகிறவரை, "என்ன, காத்து வாங்க வந்தீங்களா?" என்று வாரிவிடுவார்கள். தொட்டபின் மதகின் மேலேயே அக்கரைக்குப் போய், தார்ரோட்டில் ஏறி, பால் சொசைட்டியில் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். போன வழியில் யாரும் திரும்பி வருவதில்லை.

அன்றைக்கு மயிலாத்தா பாலோடு வாத்தியார் வீட்டு வழியாக வந்தபோது, தாலி இறங்கி முழுசாக ஒரு நாள்கூட ஆகாத கமலாத்தாள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், செருப்புச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே, "மப்ளரைக் கட்டிக்கிட்டுப் போகக்கூடாதுங்களா, பனி கொட்டுது" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாசலுக்கு ஓடிவந்து மயிலாத்தாவைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, அழுதுகொண்டே, "அக்கா, இன்னொருக்கா நடங்கக்கா" என்றாள். மயிலாத்தா பால்தூக்கைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

இப்படித்தான் 'நடை கேட்பது' என்று ஒரு முறை அந்த ஊரில் உண்டாயிற்று. காரியத்தன்றைக்கு ஐயர் போன பிறகு, இலை போடுவதற்கு முன்னால், வீட்டு ஆட்களெல்லாம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். மயிலாத்தா செத்துப்போனவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பொடக்காளி வரைக்கும் ஒரு நடை போய் ஒரு நடை வருவாள். பார்க்கக் கூடாது, கேட்க மட்டும்தான். பார்த்தால் மயிலாத்தாதான் தெரிவாள், கேட்டால்தானே அவர் தெரிவார். துபாயிலிருந்து வந்த வாத்தியார் மகன்கள், அப்பன் செத்ததற்குக்கூட அழாமல் செல்போனும் கையுமாக இருந்தவர்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சின்னப் பையன்களாட்டம் குமுறிக் குமுறி அழுதார்கள். பந்தல்காரன், சமையல்காரன், நடைக்கு மயிலாத்தா என்று ஆகிப்போனது. அவளுக்கும் ஒரு ஜாக்கெட்டுத்துணியும் தேங்காயும் வைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஜெபமணி சிஸ்டர் போனாள். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஓடி ஓடிப் பழகிய அந்தச் சின்னச் சின்ன எட்டு நடையும் மயிலாத்தாவுக்கே வந்தது, வாத்தியார் நடையின் மேலேயே ஏறிக்கொண்டது. பிறகு வேலப்பன். அவர் நடை வந்த முதல் நாளே, மயிலாத்தாவின் கால்கள் பால் சொசைட்டிக்குப் பக்கத்து டீக்கடைக்குள் நேராக நுழைந்து, கடைசி பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு போண்டாவை எடுத்துப் பேப்பரில் வைத்தார். வேலப்பன் பெண்டாட்டிக்குச் சேதி போனதும், "சக்கரை இருக்குது, எண்ணெய் ஆகாதுன்னு நான் களியக் கிண்டிக் கிண்டிப் போட்டனே, பாவி மனுஷா!" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அப்புறம், "போவட்டும், தின்னுட்டாவது போனாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நடைகள். மயிலாத்தாவின் வேகத்தைக் கேட்கவா வேண்டும்? எல்லாருக்கும் முன்னால் மதகைத் தொட்டு, எல்லாருக்கும் முன்னால் பாலை வாங்கி, மற்றவர்கள் புங்கமரத்தைத் தாண்டுவதற்குள் அவள் அடுப்பில் காப்பித்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். கோயமுத்தூரிலிருந்து பிசியோதெரபி படிக்கிற பெண்பிள்ளைகள் வந்தார்கள். வயசானவர்களில் சிலர் மட்டும் வெசையாக நடப்பது எதனால் என்று ஆராய்ச்சியாம். மேட்டில் குறுக்கே வரிசையாகச் சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கவிட்டார்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம், தூக்கம், கண் பார்வை, கீழே விழுந்துவிடுவோம் என்கிற பயம் உண்டா என்பதுவரை கேட்டார்கள். மயிலாத்தா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். "எனக்கு மூணு பேரு நடை வந்திருக்குது கண்ணு" என்று அதையும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "சத்தான சாப்பாடு போல இருக்குங்க பாட்டி" என்று எழுதிக்கொண்டது.

அன்றைக்கு அந்தக் கோடுகளின்மேல் சென்னியப்பனும் நடந்தார். அவர்தான் மயிலாத்தாவின் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஒரு காலத்தில் சோளக்காட்டு வரப்பில் அவர் நடந்தால் மயிலாத்தா ஓட்டமும் நடையுமாகத்தான் பின்னால் போக வேண்டும். சந்தைக்குப் போனாலும் சரி, சினிமாவுக்குப் போனாலும் சரி, அவர் வெகுதூரம் முன்னால் போய், திருப்பத்தில் ஏதாவது ஒரு கம்பத்தடியில் நின்று, கம்பி தொய்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்வரை அந்தக் கம்பி தொய்ந்துகொண்டேதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஓய்வு பெற்ற மறுவருசமே நடுக்குவாதம் வந்தது. கை ஆடியது, முகம் இறுகிப்போனது, பாதம் தரையை விட்டு எழும்பாமல் தேய்ந்து தேய்ந்து போனது. சில சமயம் அதுவும் போகாது, வாசற்படியில் வந்து நின்றால் நின்றதுதான், கால் இரண்டும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

"வாசப்படியில என்ன நிக்கிறீங்க? ஒண்ணு உள்ள வாங்க, இல்லீன்னா அக்கட்ட நகருங்க, எனக்குச் சோலி கெடக்குது" என்பாள் மயிலாத்தா.

"போறேன் போறேன்" என்பார் அவர். போக மாட்டார்.

ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கோடுகளைக் கண்டதும், என்ன மாயமோ, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எட்டாகத் தூக்கித் தூக்கி வைத்துத் தாண்டிவிட்டார். "ஊரு பூராவும் இப்படிக் கோடு போட்டுக் குடுத்துட்டுப் போங்க சாமி" என்றார் அந்தப் பெண்களிடம். எல்லாரும் சிரித்தார்கள். மயிலாத்தாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மதகுக்குக் கிளம்பிவிட்டாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, முதலில் அவளுக்கு அந்த வேகம் பிடித்துத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து யாருக்காவது பின்னால் நடந்தவள் அவள். அப்பனுக்குப் பின்னால், அண்ணன்களுக்குப் பின்னால், தாலி கட்டினவருக்குப் பின்னால். இப்போது ஊரே அவளுக்குப் பின்னால். காதில் காற்று ஊதிக்கொண்டு போகும்போது ஒரு குமரிப்பெண்ணின் திமிர்கூட அவளுக்கு வந்தது. ஒருநாள் எதற்கோ பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சென்னியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு, இவள் போகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் அவர் ஒரு நட்டுவைத்த குச்சி போலத் தெரிந்தார். நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் நிற்கவில்லை.

அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அவரோடு பக்கத்தில் பக்கமாக ஒரே ஒரு நாள் மதகு வரைக்கும் போய், ரெண்டு பேரும் சேர்ந்து அந்தச் சக்கரத்தைத் தொட வேண்டும். பெரிய ஆசையா அது? பங்களா கேட்டாளா, பவுன் கேட்டாளா? ஆனால் கால் கேட்கவில்லையே. அவருடைய பெரிய ரப்பர் செருப்பை மாட்டிப் பார்த்தாள், செருப்பு பறந்ததே தவிர வேகம் குறையவில்லை. கட்டைப்பையில் அரசாணிப் பூசணிக்காயைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தாள், தோள்தான் இற்றுப்போனது. வாத்தியார் வீட்டுக்குப் போய், "கமலா, உன்ற வீட்டுக்காரரு நடையத் திருப்பி வாங்கிக்க சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். "நடை என்னக்கா பாத்திரமா, திருப்பி வாங்கிக்க?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். அவளுக்கு எங்கே தினமும் கேட்கிற அந்தச் செருப்புச் சத்தம் நின்றுபோகுமோ என்ற கவலை.

கடைசியில் மயிலாத்தா ஒரு வேலை செய்தாள், யாரும் செய்யக்கூடாத வேலை. சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டின் முனையையும் தன் முந்தானையையும் சேர்த்து, கல்யாணத்தில் போட்ட மாதிரி ஒரு முடிச்சுப் போட்டாள். "இப்பப் பாக்கலாம், இது என்னை எங்க இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு" என்றாள். "முகூர்த்த நேரம் தப்பிப்போச்சு மயிலு" என்று கேலி செய்தார் அவர், இறுகின முகத்தில் கண் மட்டும் சிரித்தது. முதல் எட்டு சரியாகத்தான் விழுந்தது. ரெண்டாவது எட்டில் வாத்தியாரும் சிஸ்டரும் வேலப்பனும் ஒருசேரக் கிளம்பிவிட்டார்கள். அவர் குப்புற விழுந்த பிறகும் அந்தப் பாழாய்ப்போன கால்கள் நிற்கவில்லை. முடிச்சு அவிழும்வரை அவரை மண்ணில் இழுத்துக்கொண்டு போயின. தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது. வந்தவர்கள் தூக்கி உட்காரவைத்தபோது, மயிலாத்தா மேட்டின் அந்தக் கோடியில் நிற்க முடியாமல் போய்க்கொண்டே, தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

தாடைக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்த பிறகு சென்னியப்பன் சொன்னார்: "நீ முன்னால போ மயிலு. நான் பின்னால வாறேன்."

"நான் போகலீங்க. ஊட்லயே கெடக்கறேன்."

"கெடந்தா முட்டி புடிச்சுக்கும். போ, நான் புங்கமரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிக்கறேன்."

அப்படியே ஆயிற்று. எல்லாரும் போன பிறகு அவர் தடியோடு தனியாகக் கிளம்புவார். அவள் பாலோடு வந்து, காப்பி வைத்து, இட்லி ஊற்றி, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகும் வந்து சேர்ந்திருக்க மாட்டார். வெயில் நன்றாக ஏறிய பிறகு சட்டையெல்லாம் நனைந்துபோய் வருவார். "இந்தா இருக்கிற புங்கமரத்துக்குப் போய்வர இத்தனை நேரமாங்க?" என்று கேட்டால், "மரத்தடியில உக்காந்து காத்து வாங்கிட்டு வந்தேன்" என்பார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கென்ன, காற்றாவது வாங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய மாதத்தில் அவருக்குச் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் போனார், திரும்பி வந்தது வண்டியில்தான்.

எரித்துவிட்டு வந்த மறுநாள் விடிந்தும் மயிலாத்தா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஊரெல்லாம் அவளுக்கு அதுதான் வரும் என்று பேசிக்கொண்டது. அவளோ காலைப் போர்வைக்குள்ளேயே மடக்கிக்கொண்டு கிடந்தாள். வராமல் போய்விட்டால்? வேறு யாருக்காவது போய்விட்டால்? முன்னால் முன்னால் ஓடினவளுக்கு எதற்கு என் நடை என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டால்? பயந்து பயந்து காலைத் தரையில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். வாசற்படியில் நின்றாள். நின்றவள் நின்றதுதான். தூக்கு என்கிறாள் காலை, தூக்க மாட்டேன் என்கிறது. நெஞ்சு முன்னால் போகிறது, பாதம் மண்ணுக்குள் வேர் விட்டதுபோல நிற்கிறது, உடம்பெல்லாம் வேர்க்கிறது, எங்கே விழுந்துவிடுவோமோ என்று உயிர் தொண்டைக்கு வருகிறது.

"இப்படியா இருந்துச்சுங்க உங்களுக்கு?" என்றாள் மயிலாத்தா. "இது தெரியாம வாசப்படியில என்ன நிக்கிறீங்கன்னு கத்துனனே!" நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மற்ற மூன்று நடைகளும், நோவாளி படுத்திருக்கிற வீட்டில் சத்தம் போடாமல் இருப்பார்களே, அந்த மாதிரி அடங்கிப்போயின.

காரியத்தன்றைக்கு நடை கேட்க ஊரே திரண்டது. மயிலாத்தா அவருடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து பொடக்காளிக்குத் தேய்த்துத் தேய்த்துப் போனாள். எல்லாரும் சென்னியப்பனைக் கேட்டார்கள். மகள் கேட்டாள், மருமகன் கேட்டான், அவரோடு கம்பம் ஏறினவர்கள் கேட்டார்கள். மயிலாத்தாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நடக்கிறவள் அவளாயிற்றே, உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்க அவளுக்கு எப்படி முடியும்? "எல்லாரும் கேட்டுட்டீங்க, எனக்கு யாரு நடந்து காட்டுவாங்க?" என்று அவள் கேட்டபோது, பந்தியில் உட்காரப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் அவர் செருப்போடும் அவர் தடியோடும் பாலத்துக்கு வந்தாள். கூட நடக்கிறவர்கள் அவளுக்காகத் தயங்கி நின்றார்கள். "நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாறேன்" என்றாள். அவர்கள் போய் மறைந்தார்கள். தண்ணீர் இல்லாத வாய்க்கால் மூச்சுக்காட்டாமல் கிடந்தது. ஓடின நாட்களில் அவள் கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. கரையில் பூத்திருந்த ஆவாரை, நண்டு வளை, அசையாமல் நிற்கிற கொக்கு. புங்கமரம் வந்தது. இங்கே திரும்பிக்கொள்ளும் என்று நினைத்து நிழலில் உட்காரப் போனாள்.

கால்கள் உட்காரவில்லை, திரும்பவும் இல்லை. மரத்தைத் தாண்டி மேலே போயின. "எங்கீங்க போறீங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் போனதும் ஒருதரம் ஒட்டிக்கொண்டன. குனிந்து பார்த்தாள். செம்மண்ணில் குறுக்கே ஒரு கோடு, தடி முனையால் அழுத்தி அழுத்திக் கீறிய கோடு. கால் அதைப் பார்த்ததும் எழும்பித் தாண்டியது. அதற்கப்பால் இன்னொரு கோடு. அதற்கும் அப்பால் இன்னொன்று. ஆட்டுக்குளம்பும் காலடியும் பட்டுக் கலைந்தும் கலையாமலும் மேடு நெடுகக் கோடு கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. யார் செய்த வேலை இது என்று யோசித்தபடியே, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எட்டாக, வெயில் உச்சிக்கு ஏற ஏற, அவருடைய சட்டை நனைந்த மாதிரி ரவிக்கை நனைய நனைய, மயிலாத்தா போனாள்.

மதகுக்கு வந்து கால்கள் நின்றன. சக்கரத்தைத் தொடுகிற இடத்தில், அக்கரைத் தார்ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றன. தினமும் அவள் பால்தூக்கோடு விசுவிசுவென்று போகிற ரோடு, அங்கிருந்து சொசைட்டி வரைக்கும் நன்றாகத் தெரிந்தது.

மதகுக்குக் கீழே, காய்ந்த வாய்க்காலுக்குள் அக்கரைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு புல் அறுத்துக்கொண்டிருந்தாள். செருப்புத் தேய்கிற சத்தம் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"வாங்கய்யா. கொஞ்ச நாளாக் காணமேன்னு நெனச்சேன். ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

மயிலாத்தா இரும்புச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மதகு வரைக்கும் வாறதை அம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா, இன்னும் இல்லீங்களா?" புல்லைக் கட்டுக்குள் திணித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள். "அம்மா இங்க நிக்கிறப்பவே நீங்க ஒருநாளு வந்து புடிச்சாத்தான் சொல்லுவேன்னீங்களே."

"சொல்லிப்போட்டாரு கண்ணு" என்றாள் மயிலாத்தா. "இப்பத்தான் சொன்னாரு."